புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சமையலறையில் அது மெய்யே. அரிசியும் ஒன்று, நீரும் ஒன்று, நெருப்பும் ஒன்று, கிளறிய அகப்பையும் ஒன்று. ஆனால் ஒரு நாட்டு மக்கள் ஒரு பானைச் சோறு போன்றவர் அல்லர். மலையில் வாழ்வாரும், கடற்கரையில் வாழ்வாரும், மாளிகையில் உறைவாரும், மரத்தடியில் உறங்குவாரும் அவர்களுள் உளர். எவரை எடுத்துப் பார்த்தால் எல்லாரையும் அறியலாம்? எத்தனை பேரை எடுக்க வேண்டும்? எடுக்கச் சென்றவர் மெய்யாகவே சென்று எடுத்தாரா, இருந்த இடத்திலேயே எழுதி வைத்தாரா என்பதை எங்ஙனம் அறிவது? இக்கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

அவர் 1893 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29 ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். குடும்பம் பிரம சமாஜத்தைச் சார்ந்தது. பாட்டனார் குருசரணர் கைம்பெண் ஒருவரை மணந்து, அக்காலச் சமூகத்தின் சினத்திற்கு அஞ்சாது நின்றவர். பெயரர் பிரம சமாஜப் பள்ளியிற் பயின்று, பிரசிடென்சி கல்லூரியிற் சேர்ந்து, 1912 ஆம் ஆண்டு பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அக்கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர்.

மறு ஆண்டு அவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனிலேயே பயில்வது அவர் எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனவர், திரும்பும் கடைசிப் புகைவண்டியைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. அரசர் கல்லூரியின் தேவாலயத்தைக் கண்டு வியந்து பேசிக்கொண்டிருந்தவர், அக்கல்லூரியிலேயே சேர்ந்தால் என்ன என்று எண்ணி, மறுநாள் விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. தவறிப்போன புகைவண்டி அவர் வாழ்க்கையை வேறு தண்டவாளத்தில் செலுத்திவிட்டது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர், கும்பகோணத்திலிருந்து சென்ற கணித மேதை இராமானுசன். குளிர்காலத்தில் ஒருநாள் மகலனோபிஸ் அவர் அறைக்குச் சென்றபோது, இரவெல்லாம் குளிரால் நடுங்கியதை அறிந்தார். படுக்கையின்மேல் இறுக விரித்துச் செருகியிருந்த கம்பளிகளை நீக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே மேலங்கியுடன் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் அதனை அன்போடு விளக்கிக் காட்டினார். மற்றொரு நாள் இராமானுசன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஓர் இதழில் வந்த புதிரைப் படித்துச் சொன்னார். ஒரு தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். அந்த வீட்டின் எண் யாது? மகலனோபிஸ் முயன்று பார்த்து விடை கண்டார்: 288 வீடுகளுள் 204 ஆம் வீடு. இராமானுசனோ, அகப்பையைக் கீழே வையாமலே, இத்தகைய விடைகள் அனைத்தையும் ஒருங்கே தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். வீட்டு எண்களைப் பற்றிய புதிரைப் படித்துக் காட்டிய அவ்விளைஞர், பிற்காலத்தில் நாட்டின் இலட்சக்கணக்கான ஊர்களுக்கும் அவற்றின் வீடுகளுக்கும் கணக்கு வகுக்கப்போவதை அன்று எவரும் அறிந்திரார்.

மகலனோபிஸ் 1915 ஆம் ஆண்டு பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறினார். கேம்பிரிட்ஜிலேயே ஆராய்ச்சியில் ஈடுபட எண்ணி, இடையே விடுமுறைக்குத் தாய்நாடு வரப் புறப்பட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் நூல்நிலையத்தில் ஆசிரியர் ஒருவர் அவர் கவனத்தைப் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின்பால் திருப்பினார். அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கிய மகலனோபிஸ், ஊர் வந்து சேர்வதற்குள் புதியதோர் அறிவுத்துறையிற் புகுந்துவிட்டார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியப் பணி கிடைத்தது. பகலில் பௌதிகம், ஓய்ந்த நேரமெல்லாம் புள்ளியியல். 1923 ஆம் ஆண்டு நிர்மல குமாரி அம்மையாரை மணந்தார். இரவீந்திரநாத தாகூரின் அன்பிற்குரியவராகி, விசுவபாரதியின் செயலாளர்களுள் ஒருவராகவும் பத்தாண்டுகள் பணியாற்றினார்.

1926 ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது; கரைகளை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர் கருத்து. மகலனோபிஸ் அறுபது ஆண்டுகளின் மழைக்கணக்கையும் நீர்மட்டக் கணக்கையும் ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்றும், மேல்நிலத்தில் அணை கட்டித் தேக்குவதே வழி என்றும் காட்டினார். எண்கள் பேசத் தொடங்கினால் நெடுநாள் நம்பிக்கையும் தளரக்கூடும் என்பதை அதிகாரிகள் அப்போது உணர்ந்தனர். 1931 ஆம் ஆண்டு டிசம்பரில், பிரசிடென்சி கல்லூரியில் அவர் பணியாற்றிய அறையிலேயே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. சங்க்யா என்னும் ஆராய்ச்சி இதழ் 1933 இல் வெளிவரலாயிற்று.

அவருடைய பெரும்பணி 1937 ஆம் ஆண்டு வங்காளத்துச் சணல் வயல்களில் தொடங்கியது. சணல் அந்நாளில் வங்காளத்தின் பொன். எத்தனை ஏக்கரில் அது பயிராகியுள்ளது என்று அறுவடைக்கு முன்னரே தெரிந்தால்தான் உழவரும் வணிகரும் ஆலைக்காரரும் விலையை மதிப்பிட இயலும். அரசாங்கத்தின் மதிப்பீடோ, ஊர்க்காவலர் சொல்லக் கேட்டு எழுதிய ஊகமாகவே இருந்தது. வயல்கள் கோடிக்கணக்கானவை. பயிர் நிலத்தில் நிற்பதோ சில திங்களே. அதற்குள் மழைவெள்ளமும் வந்துவிடும். எல்லா வயல்களையும் பார்ப்பதற்குப் பதிலாகச் சிலவற்றை மட்டும் பார்த்து முழுவதையும் கணிக்க இயலுமா என்று சணல் குழுவினர் வினவ, மகலனோபிஸ் அப்பணியை ஏற்றார்.

ஊர்ப்படங்களின்மேல் சிறு சிறு சதுரக் கட்டங்கள் குறிக்கப்பட்டன. எக்கட்டத்தை எடுப்பது என்பதை எவருடைய விருப்பும் வெறுப்பும் கலவாத சமவாய்ப்பு எண்கள் தீர்மானித்தன. கணக்கெடுப்போர் படத்தைக் கையிலேந்திச் சென்று, அக்கட்டத்துள் அடங்கிய வயல்களில் என்ன பயிர் நிற்கிறது என்று குறித்து வந்தனர். கட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்பதே முதற் கேள்வி. அடுத்தடுத்த வயல்களில் பெரும்பாலும் ஒரே பயிர்தான் நிற்கும்; ஆதலால் பெரிய கட்டம் ஒன்றைப் பார்ப்பதைவிட, அதே பரப்புள்ள பல சிறு கட்டங்களை ஆங்காங்கே பார்ப்பது மிகுந்த உண்மையைத் தரும். ஆனால் கட்டங்கள் சிதறச் சிதற, கணக்கெடுப்போர் நடக்கும் தொலைவு பெருகும். தாளின்மேல் புள்ளிகளைத் தள்ளி வைப்பது எளிது. ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குச் சேற்றில் நடப்பவன் மனிதன்.

மகலனோபிஸின் தனிச்சிறப்பு இவ்விடத்தில் வெளிப்படுகிறது. அந்த நடையையும் அவர் கணக்கில் சேர்த்தார். கணக்கெடுப்போர் ஒவ்வொருவரும் வழி நடந்த நேரம் எவ்வளவு, கட்டத்தைக் கண்டு பயிரைக் குறித்த நேரம் எவ்வளவு, தாள் எழுதிய நேரம் எவ்வளவு என்று தனித்தனியே பதியச் செய்தார். கட்டத்தின் அளவும் எண்ணிக்கையும் மாறும்போது செலவு எப்படி மாறுகிறது, பிழை எப்படி மாறுகிறது என்று இரண்டு சமன்பாடுகளை வகுத்தார். கையிலுள்ள பணத்திற்கு மிகக் குறைந்த பிழையைத் தரும் அமைப்பு எதுவோ அதுவே நல்லமைப்பு என்பது அவர் கொள்கை. முதலாண்டு சிறு பரப்பில் முன்னோடி ஆய்வு, அதன் பாடத்தைக் கொண்டு மறு ஆண்டு அமைப்பைத் திருத்துதல், பின்னும் விரித்தல், பின்னும் திருத்துதல். இவ்வாறு ஐந்தாண்டு முயன்று, 1941 இல் வங்காள மாகாணம் முழுவதும் ஆய்வு நடைபெற்றது.

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. ஒரே கட்டத்தை இருவர் தனித்தனியே பார்த்து வந்தபோது அவர்கள் எழுதியவை சில இடங்களில் ஒத்திருக்கவில்லை. ஒருவர் படத்தைத் தவறாகப் படித்திருந்தார். ஒருவர் பக்கத்து வயலில் நின்றிருந்தார். ஒருவர் வயலுக்கே போகாமல் எழுதியிருந்தார். கணிதத்தால் வரும் பிழையைச் சூத்திரம் காட்டும். மனிதரால் வரும் பிழையை எது காட்டும்? மகலனோபிஸ் மாதிரியை இரு பாதிகளாகப் பிரித்தார். ஒரே நிலப்பரப்பில் இரு பாதிகளும் பின்னிக் கிடக்கும். இரு வேறு குழுவினர், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், தத்தம் பாதியைப் பார்த்து வருவர். இரு பாதிகளின் முடிவும் நெருங்கியிருந்தால் நம்பலாம். பெரிதும் விலகினால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது. இம்முறைக்கு விலை இல்லாமற் போகவில்லை. இரு குழுவும் ஒரே வட்டாரம் முழுவதும் நடக்கவேண்டியிருந்ததால் வழிநடைச் செலவு ஏறிற்று. அலுவலகத்தில் ஒவ்வொரு பட்டியலையும் இருமுறை கூட்டவேண்டியதாயிற்று. அப்பணத்தைக் கொண்டு மாதிரியைப் பெரிதாக்கலாமே என்று மறுத்தோரும் உளர். தவறான எண்களைப் பெருக்குவதைவிடத் தவறு உண்டா என்று அறிவதே மேல் என மகலனோபிஸ் கருதினார். அதில் அவர் கொண்ட உறுதி நியாயமானதே.

எல்லாவற்றிலும் அவரே சரியாயிருந்தார் என்பதற்கில்லை. விளைச்சலை அறியச் சிறு வட்டமிட்டுப் பயிரை அறுத்து நிறுக்கும் முறையை அவர் கையாண்டார். வட்டம் சிறிதாயின் எல்லையில் நிற்கும் செடிகள் உள்ளே சேர்ந்துவிடும். விளைச்சல் உள்ளதைவிட மிகையாகத் தோன்றும். பெரிய பாத்திகளை அறுக்கவேண்டும் என்று வாதிட்ட மற்றொரு புள்ளியியல் அறிஞர் சுகாத்மேயின் பக்கம் இதில் உண்மை இருந்தது. ஆயினும் சணல் ஆய்வின் பயன் விரைவில் தெரிந்தது. ஒரு பருவத்தில் அரசாங்க அலுவலர் வயல் வயலாகச் சென்று முழுக் கணக்கெடுத்தனர். அதன்படி விளைச்சல் ஏறக்குறைய 63 இலட்சம் சிப்பம். மாதிரி ஆய்வு கூறியதோ ஏறக்குறைய 75 இலட்சத்து 40 ஆயிரம். சணல் முழுவதும் ஆலைக்கும் துறைமுகத்திற்கும் சென்றபின் வணிகக் கணக்கு 75 இலட்சத்து 62 ஆயிரம் சிப்பம் என்று காட்டிற்று. எல்லாவற்றையும் எண்ணியவர்கள் தவற, சிலவற்றை மட்டும் எண்ணியவர்கள் இலக்கை அணுகினர். பெருங்கூட்டத்தைப் பழக்கிக் கண்காணிப்பது அரிது. சிறு குழுவைப் பழக்கிக் கண்காணிக்கலாம்.

1943 ஆம் ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் சூழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நாட்டில் எவ்வளவு நெல் உள்ளது, எவ்வளவு குறைகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கணக்கு அரசாங்கத்திடம் இல்லை. எண்ணின் குறைபாடு உயிரின் இழப்பாக மாறியதை அன்று நாடு கண்டது. மறு ஆண்டில் நிறுவனத்தார் பஞ்சத்தின் பின்விளைவுகளை அறிய 386 ஊர்களில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கண்டு, நிலத்தை விற்றோர், கால்நடையை இழந்தோர், தொழிலை இழந்தோர் ஆகியோரைக் கணக்கெடுத்தனர். வயலை எண்ணிய முறை வீட்டு வாயிலுக்கு வந்தது. வயல் பொய் சொல்லாது, பேசவும் செய்யாது. வீட்டில் இருப்பவரோ அஞ்சுவர்; மறப்பர்; வரி விதிக்க வந்தாரோ என ஐயுறுவர்.

நாடு விடுதலை பெற்றபின், 1949 இல் மகலனோபிஸ் மத்திய அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். நாட்டு வருமானத்தைக் கணிக்க அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். மக்கள் என்ன உண்கின்றனர், என்ன வாங்குகின்றனர், கைத்தொழிலால் என்ன ஈட்டுகின்றனர் என்பதை அறியாமல் வருமானக் கணக்கு முற்றுப்பெறாது என்று கண்டார். பிரதமர் நேருவின் ஆதரவோடு 1950 இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. களப்பணி டில்லியிலிருந்த இயக்ககத்தின் பொறுப்பு. மாதிரியை வகுத்தல், படிவம் இயற்றுதல், வந்த தாள்களைப் பட்டியலாக்குதல் ஆகியவை கல்கத்தா நிறுவனத்தின் பொறுப்பு. 1950 அக்டோபரில் தொடங்கிய முதற் சுற்றில் 1,833 ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டிலிருந்த ஊர்களோ ஐந்தரை இலட்சத்திற்கு மேல்.

கணக்கெடுப்பாளர் ஓர் ஊருக்குச் சென்றால் நேரே ஒரு வீட்டிற்குள் நுழைந்துவிட இயலாது. முதலில் ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் வரிசையாக எழுதவேண்டும். பின்னர் அலுவலகம் கொடுத்த விதிப்படி எண்ணி, குறித்த எண் விழும் வீட்டிற்கே செல்லவேண்டும். அந்த வீடு ஊர்க்கோடியில் இருப்பினும், வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருப்பினும், அண்டை வீட்டார் அன்போடு அழைப்பினும், மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. காடும் மலையும் கடந்து, வண்டியும் செல்லாத இடங்களுக்கு நடந்து செல்லவேண்டும். அங்கே சென்றபின் அளவைகள் வந்து தடுக்கும். தமிழ்நாட்டிலேயே நெல்லைப் படியாலும் மரக்காலாலும் கலத்தாலும் அளந்தனர். ஓர் ஊர் மரக்கால் மற்றோர் ஊர் மரக்காலுக்கு ஒவ்வாது. வடக்கே சேரும் மணங்கும் இடத்துக்கிடம் மாறின. உழவர் சொன்ன அளவைச் சொன்னபடியே எழுதி, அவ்வூர் அளவையின் எடையையும் குறித்தனுப்ப, கல்கத்தாவில் அமர்ந்தவர்கள் அவற்றை ஓரளவைக்குக் கொணர்ந்தனர்.

முதற் சுற்று ஊர்களை மட்டும் நோக்கியது; விரைவில் நகரங்களும் சேர்ந்தன. 1951 ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியல் கிடைத்தபின், பின்வந்த சுற்றுகளுக்கு அது அடிப்படையாயிற்று. ஒவ்வொரு முறையும் மாதிரி புதிதாக வகுக்கப்படும்போது நேரும் மாற்றங்கள் வெளியே தோன்றுவதில்லை. சென்ற சுற்றில் ஒரு கணக்கெடுப்பாளர் நம்பிக்கை பெற்றிருந்த ஊர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். புதிய ஊரில் ஊர்த்தலைவரைக் காண்பது, தங்க இடம் தேடுவது, வந்த காரியத்தை விளக்குவது யாவும் முதலிலிருந்து தொடங்கும். பட்டியலிற் கண்ட ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கும். அல்லது வெள்ளத்திற்கு அஞ்சிக் குடிபெயர்ந்திருக்கும். அலுவலகத்தில் புதிய ஊர்களின் தேர்வு, புதிய அறிவுரைகள், அவற்றின் மொழிபெயர்ப்பு, துளையிட்ட அட்டைகளுக்குரிய புதிய குறியீடு என வேலைகள் அடுக்கிக்கொண்டு நிற்கும். இவற்றுள் முதன்மையானது பெருக்கெண். மாதிரியில் வந்த ஒரு குடும்பம் தன்னைப் போன்ற எத்தனை குடும்பங்களின் சார்பில் நிற்கிறதோ அதுவே அதன் பெருக்கெண். அமைப்பு மாறினால் பெருக்கெண் மாறும். அதில் நேரும் ஒரு சிறு பிழை, தாளில் எழுதிய அத்தனை உண்மையையும் பொய்யாக்கிவிடும்.

இச்சுமையைக் குறைக்க நிறுவனத்து அறிஞர்கள் பலவாறு முயன்றனர். பெரிய ஊருக்கு மிகுந்த வாய்ப்பும் சிற்றூருக்குக் குறைந்த வாய்ப்பும் அமையுமாறு தேர்வதே சிறந்த முறை. ஆனால் அதற்கு நீண்ட பட்டியலின் மக்கள்தொகை முழுவதையும் அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். நிறுவனத்தைச் சேர்ந்த லகிரி என்பார் 1951 இல் ஓர் எளிய வழி கண்டார். பட்டியலில் ஓர் ஊரைச் சமவாய்ப்பாக எடு. மிகப் பெரிய ஊரின் மக்கள்தொகைக்கு உட்பட்ட ஓர் எண்ணையும் சமவாய்ப்பாக எடு. அவ்வெண் ஊரின் மக்கள்தொகைக்கு மேற்படாவிடில் ஊரைக் கொள். மேற்படின் விட்டு மீண்டும் எடு. அவ்வளவே. கூட்டும் வேலை அறவே ஒழிந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பெருக்கெண் வருமாறு மாதிரியை வகுக்கும் முறையும் தோன்றியது. அதனால் அலுவலகத்தார் வெறுமனே கூட்டி இறுதியில் ஒருமுறை பெருக்கினாற் போதும். ஆனால் அலுவலகத்தில் இறங்கிய சுமையின் ஒரு பகுதி களத்தில் ஏறிற்று. கணக்கெடுப்புக்குப்பின் ஓர் ஊர் பெருகியிருந்தால், அங்கே எதிர்பார்த்ததைவிட மிகுந்த வீடுகளுக்குச் செல்லவேண்டும். ஒருவர் வேலை பத்து நாளில் முடிய, மற்றவர் வேலை நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கம் தாழ்த்தினால் மறுபக்கம் உயரும் துலாக்கோலாகவே இத்தொழில் இருந்தது.

1954 இல் தொடங்கிய எட்டாம் சுற்று முதல் மாநில அரசுகளும் தத்தம் பகுதியில் இணையான மாதிரியொன்றை எடுத்து ஆராயலாயின. மாதிரி பெருகியது நன்மையே. ஆயினும் இரு அலுவலகங்களின் பட்டியல்கள் ஒரே காலத்தில் முடிவதில்லை. ஒன்றை மற்றொன்றிற்காகக் காத்திருக்கச் செய்வதும் எளிதன்று. தொடக்கச் சுற்றுகள் சில திங்கள்களே நடந்தன. அதனால் அறுவடைக் காலத்துச் சுற்றும் பஞ்சகாலத்துச் சுற்றும் ஒப்பிடத் தகாதனவாயின. 1958 ஜூலை முதல் ஒவ்வொரு சுற்றும் ஓராண்டு முழுவதும் நடக்குமாறு மாற்றப்பட்டது.

கேட்கும் காலத்தைப் பற்றியும் ஒரு சிக்கல் எழுந்தது. சென்ற வாரம் எவ்வளவு அரிசி உண்டீர் என்று கேட்பதா, சென்ற திங்களில் எவ்வளவு என்று கேட்பதா? வாரம் என்றால் நினைவு தெளிவாயிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். இரு வகையாகவும் கேட்டுப் பார்த்தபோது, வாரக் கணக்கு திங்கட் கணக்கைவிட மிகையாக வந்தது. எது மெய்? மகலனோபிஸ் ஊகத்தை விட்டு, வீடுகளில் உண்ணும் தானியத்தை நிறுத்துப் பார்க்கச் செய்தார். நிறுத்த அளவோடு திங்கட் கணக்கே பொருந்தியது. சென்ற வாரத்துக்கு முன் வாங்கியதையும் மக்கள் அந்த வாரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகின்றனர். 1954 இல் அவரும் அவருடன் பணிபுரிந்த சென் என்பாரும் இதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். திங்கட் கணக்கு நிலைபெற்றது.

தாள்கள் குவிந்தன. இந்தியாவின் முதற் கணிப்பொறி 1956 ஆம் ஆண்டு இவருடைய நிறுவனத்திலேயே அமைந்தது. எழுத்தர்கள் திங்கள்கணக்கில் கூட்டியதைப் பொறி விரைவிற் கூட்டலாயிற்று. ஆயினும் சேற்றில் நடப்பதற்குப் பொறி ஏதும் வரவில்லை. அதே ஆண்டில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் வகுத்த கணக்கை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிற்று. 1945 இலேயே லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானவர். ஐக்கிய நாடுகளின் மாதிரி ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1968 இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். எல்லாவற்றையும் தம் கண்முன்னே நடத்த விரும்பும் இயல்பினர் என்று உடன் பணிபுரிந்தோர் குறைகூறுவதும் உண்டு. அது முற்றும் பொய்யன்று. 1970 இல் மாதிரி ஆய்வுப் பணிகளை ஒருங்கே நடத்த அரசாங்கம் தனி அமைப்பொன்றை நிறுவிற்று. தாள்களைப் பட்டியலாக்கும் வேலையும் கல்கத்தா நிறுவனத்தை விட்டு அதற்கு மாறிற்று. 1972 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள், எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னதாக, மகலனோபிஸ் மறைந்தார்.

அவர் நிறுத்துப் பார்த்து முடிவு செய்த கேள்வி அவரோடு மறைந்துவிடவில்லை. 1990-களின் பிற்பகுதியில் நடந்த சில சுற்றுகளில், பாதிக் குடும்பங்களிடம் வாரக் கணக்கும் மறுபாதியிடம் திங்கட் கணக்கும் கேட்கப்பட்டன. முன்போலவே வாரக் கணக்கு மிகையாக வந்தது. 1999-2000 இல் நடந்த 55 ஆம் சுற்றில் இரு கேள்விகளும் ஒரே படிவத்தில் அருகருகே அமைக்கப்பட்டன. ஒரே குடும்பத்தாரிடம் இரண்டையும் கேட்டபோது ஒரு விடை மற்றொரு விடையைத் தழுவியது. நாட்டில் வறியோர் எத்தனை பேர் என்னும் கணக்கு, முந்தைய கணக்குகளோடு ஒப்பிட இயலாதபடி குழம்பிற்று. வறுமை குறைந்ததா, கேள்வி மாறியதா என்று அறிஞர்கள் பல ஆண்டு வாதிட்டனர். 1954 ஆம் ஆண்டுக் கட்டுரை மீண்டும் எடுத்துப் படிக்கப்பட்டது. 2004-05 இல் நடந்த 61 ஆம் சுற்றில், உணவுப் பொருளைப் பற்றிய கேள்வி மீண்டும் 30 நாள் என்றே கேட்கப்பட்டது.